தீமிதிக்குப் புறப்பட்ட கேஸ் டேங்கர்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், கடலூர் ரோட்டோரம் ஒரு டேங்கர் நிறைய சமையல் கேஸை வைத்துக்கொண்டு நான் அழுதேன். இந்த மீசையோடு. அம்மனை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் வேண்டுதலை அவள் கேட்டாளா, கேட்காமல் காப்பாற்றினாளா என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். திரௌபதி அம்மன் தீமிதியில், கோயில் விளக்கிலிருந்து நெருப்பெடுத்துக் குழியில் அடுக்கிய கட்டைக்கு வைக்கும் முறை பங்காளி வீடுகளுக்குள் சுற்றி வரும். இந்தத் தடவை எங்கள் வீட்டு முறை. மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, "நெருப்பும் வைக்கிறேன், மிதிக்கவும் செய்கிறேன் தாயே" என்று நான் வேண்டியிருந்தேன். மத்தியானம் நெருப்பு வைத்தால்தான் சாயங்காலத்துக்குள் கட்டை கனலாகும். நான் தவறவிட்டால் பெரியப்பா மகன் வைத்துவிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அவன் பேச்சைக் கேட்க வேண்டும்.

முதலாளி லீவு தரவில்லை. "லோடை வில்லியனூர் பக்கம் எறக்கிட்டுப் போ" என்றார். உடனே என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே வம்புதான். வழக்கமான பாதையை விட்டு ஒரு திருப்பம் திரும்பினால் எங்கள் ஊர். கோயில் மைதானத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி, நெருப்பு வைத்துவிட்டு, லோடை இறக்கிவிட்டு, மிதிக்கத் திரும்பி வந்துவிடலாம். கேஸ் டேங்கரோடு தீக்குழிக்குப் போகிறோமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பக்தி கண்ணை மறைத்தது என்பேன் நான். என் மனைவி செல்வி அதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறாள்.

மாநில எல்லைக்கு முன்னால் வண்டிச் சோதனை. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. ஆபத்தான சரக்கு ஓட்டப் பயிற்சி பெற்ற சான்று, புகைக்குழாயில் பொறி தடுப்பான், எல்லாம் சரியாக இருந்தது. கேபினிலிருந்த என் மஞ்சள் பையைத் திறந்தார்.

"என்னய்யா இது?"

"கற்பூரம், மேடம்."

"இது?"

"தீப்பெட்டி, மேடம்."

"பின்னால டேங்க்ல என்ன இருக்கு?"

"கேஸ், மேடம்."

அவர் பையை மூடித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். மாற்று டிரைவர் காசிம் பாய் இரண்டடி தள்ளி நின்று, "எனக்கும் அந்தப் பைக்கும் சம்பந்தமில்ல மேடம்" என்றார்.

தீயணைப்பான் ஒன்றின் அழுத்த முள் இறங்கிச் சிவப்பில் நின்றது. வேறு ஒன்று வந்து மாட்டினால்தான் வண்டி நகரும் என்று சொல்லிவிட்டார். தீமிதி என்று சொல்லிக் கெஞ்சினேன். அதைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் இறுகியது. முதலாளி அனுப்பிய புதுத் தீயணைப்பான் பாதி வழி வருவதற்குள் செல்வி போன் செய்தாள்.

"இன்னாங்க, எங்க இருக்கீங்க? மோளம் அடிச்சுட்டாங்க. உங்க பெரியப்பா வூட்டு அண்ணன் வெளக்கையே பாத்துக்கினு நிக்கிறாரு."

"அவன புடிச்சு வை. நான் வராம யாரும் நெருப்பு வைக்கக் கூடாது. வந்துக்கினே இருக்கேன்."

"வந்துக்கினேன்னா எங்க?"

"நின்னுக்கினு."

அழுதது அப்போதுதான். "தாயே, உன் வேலைக்குத்தானே போகிறேன்? இந்த மனுஷி மனசை மாற்று. வண்டியை விடச் சொல்." மனசு மாறவில்லை. அவர் நிழலில் நின்று மோர் குடித்தார். "நீ இருக்கிறாயா இல்லையா?" என்று அம்மனிடமே கேட்டுவிட்டேன்.

வண்டியின் பின்பக்கம் போன பாய் மெதுவாகக் கூப்பிட்டார். "சேகரு, இங்க வா. ஓடாத. நடந்து வா."

வால்வில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. 'உஸ்' என்று கேஸ் கசியும் மெல்லிய சத்தம். பாய் திருகிப் பார்த்தார், நிற்கவில்லை. அந்த அம்மா போன்களை அணைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்தார். தூரமாகப் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். காற்று வரும் பக்கமாக நடந்து வயல் வரப்பில் நின்றோம்.

பயிற்சி வகுப்பில் நான் தூங்குகிற ஆள். ஆனால் அங்கே கேட்ட ஒரு விஷயம் வரப்பில் வைத்து ஞாபகம் வந்தது. இந்த கேஸ் மேலே போகாது. காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும்.

பள்ளம். எங்கள் ஊர் மைதானத்தில் கட்டை அடுக்கி வைத்திருக்கிற பள்ளம். சுற்றிலும் ஊர் முழுக்க. முன்வரிசையில் செல்வி, மகள். நடுவில் நெருப்போடு நான்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "நகர விடாதே தாயே. இங்கேயே நிறுத்து." ஒரே ஆள், ஒரே மத்தியானம், இரண்டு நேரெதிர் வேண்டுதல். அம்மனே குழம்பியிருப்பாள்.

பாய் என் தோளைத் தொட்டார். "நீ உங்க ஆத்தாகிட்ட கேளு, நான் அல்லாகிட்ட கேக்குறேன். யாருக்கு லைன் கெடைச்சாலும் சரி."

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. கேஸ் ஆலையிலிருந்து வந்தவர்கள் வால்வை அடைத்தார்கள். ஒரு பொறிகூட விழவில்லை. முதலாளி அனுப்பிய வேறு டிரைவர் வண்டியைப் பொறுப்பேற்றதும், அந்த அம்மா என் மஞ்சள் பையை நீட்டினார். "தீப்பெட்டி என்கிட்டயே இருக்கட்டும். கோயில்ல இருக்கும்ல?"

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. குழியில் கட்டை அடுக்கியபடியே கிடந்தது. செல்வி அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். தான் வராமல் யாரும் நெருப்பு வைக்கக் கூடாது என்று புருஷன் சொன்னானாம், அதனால் ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன்.

"கேஸ் வண்டிய இங்கயா கொண்டார இருந்த? கட்டைய உட்டுட்டு மொதல்ல உன்ன வெச்சுக் கொளுத்தணும்டா யோவ்!" என்றாள். அப்புறம் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பூசாரியிடம் என் குழப்பத்தைக் கேட்டேன். "சாமி, அவ எந்த வேண்டுதலைக் கேட்டா?"

"நீ கேட்டதெல்லாம் குடுத்திருந்தா பதில் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். போய் நெருப்பு வை."

வைத்தேன். கனலாக வெகுநேரம் ஆனது. மிதித்தேன். சுட்டதா என்று கேட்காதீர்கள், கவனிக்கவில்லை.

இப்போது என் கேபினில் அம்மன் படத்துக்கு மல்லிகைச் சரம் மட்டும்தான். பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறேன், கண்ணைத் திறந்துகொண்டு. சோதனையில் நிறுத்தினால் கும்பிடுகிறேன். அதனாலேயே சந்தேகப்பட்டு இரண்டு மடங்கு சோதிக்கிறார்கள். சோதிக்கட்டும்.

உங்கள் வண்டியும் எங்காவது நகராமல் நிற்கலாம். அம்மனைத் திட்டுங்கள், பரவாயில்லை, நானும் திட்டியவன்தான். ஆனால் நம்பிக்கையை விடாமல், இறங்கிப் பின்பக்கம் ஒருதடவை போய்ப் பாருங்கள்.