நரி முகத்தில் முழிக்கப் போன மச்சான்

போன திங்கட்கிழமை காலை, மச்சானோடு ஒரு நரியைப் பார்க்கப் போனேன்.

நரி தூங்கிக்கொண்டிருந்தது!

முதலில் மச்சானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செல்வம், என் மனைவியின் தம்பி. ஈப்போவில் பாசார் சந்தைக்கு எதிரே காலைப் பசியாறக் கடை வைத்திருக்கிறான். சட்னியும் சாம்பாரும் அவன் மனைவி வசந்தி பொறுப்பு. தோசைக்கல் இவன் பொறுப்பு.

சில மாதங்களாகக் கடையில் பாதி மேசை காலி. தீபாவளிவரை பார்ப்பது, தேறாவிட்டால் மூடிவிட்டுச் சிங்கப்பூரில் லோரி ஓட்டப் போவது என்று சொல்லிக்கொண்டிருந்தான். வசந்திக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

நரி பார்க்கப் போனதற்கு முந்தின நாள் போன் செய்தான்.

"மாமா, நாளைக்குக் கடை லீவு. ஒரு நரி பாக்கப் போலாமா?"

"எங்க, மிருகக்காட்சி சாலையிலயா?"

"இல்ல மாமா, வளக்கறதுக்கு."

வாழ்நாளெல்லாம் நிருபராக இருந்தவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். ஏன்?

"நரி மொகத்துல முழிச்சா யோகம்னு சொல்வாங்கல்ல? வீட்டுலயே இருந்தா தெனமும் முழிக்கலாம்லா!"

(கணக்கு சரிதான்.)

நம் மலேசியக் காட்டில் நரி கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் நரியைக் கொண்டுவரவில்லை. நரி முகத்தை மட்டும் கொண்டுவந்தார்கள்.

செல்வம் பிறந்த சுங்காய் தோட்டத்தில் யாருக்காவது லாட்டரி விழுந்தால், "நரி மொகத்துல முழிச்சியா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டவரும் நரியைப் பார்த்ததில்லை, விழுந்தவரும் பார்த்ததில்லை.

நரியின் சொந்தக்காரர் மேகலா, தம்பூனில் இருக்கிறார். மருத்துவமனைத் தாதி. ஜொகூருக்கு மாற்றல். அங்கே கிடைத்த வீட்டில் பிராணி வளர்க்கக்கூடாதாம். நரிக்கு நல்ல வீடு தேடிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டில் நரிக்குத் தனி அறை, மணல் தொட்டி, ஒரு பழைய சோபா. சோபாவின் மூலையில் வெளிர் மஞ்சளாக ஒரு பந்து. பாலைவன நரி. பந்திலிருந்து இரண்டு பெரிய காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

எங்களோடு வந்திருந்த வசந்தி குனிந்து பார்த்தாள்.

"இது நரியா? பூனைக்கு மொயல் காத ஒட்டின மாதிரி இருக்கு."

"நரின்னா நரிதான்லா" என்றான் செல்வம். "மொகம் எங்கம்மா?"

"வாலுக்குள்ள இருக்குண்ணே" என்றார் மேகலா. "பகல் பூரா இப்படித்தான்."

என் கேள்விகளை நான் கேட்டேன். மேகலா எதையும் மறைக்கவில்லை.

"ராத்திரி ஓடும், மண்ணு தோண்டும், சோபாவையும் தோண்டும். கத்துச்சுன்னா பக்கத்து வீட்டுல லைட்டு எரியும். பெர்மிட் உங்க பேர்ல புதுசா எடுக்கணும், அது இல்லாம நான் குடுக்க மாட்டேன். பத்து வருசத்துக்கு மேல உயிரோட இருக்கும்ண்ணே. அதான் ஆளப் பாத்துக் குடுக்கணும்னு இருக்கேன்."

செல்வத்திடம் இருந்தது ஒரே கேள்வி.

"காலையில எந்திரிச்ச ஒடனே அது மொகத்தப் பாக்கலாமா?"

"எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"ஏழு... ஏழே கால்."

(பசியாறக் கடைக்காரர்!)

"அப்போ வாலுதான் தெரியும். மொகம் எதுக்குண்ணே?"

செல்வம் யோகத்தைச் சொன்னான். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் நரி வருகிறது என்றுதான் வசந்தி அதுவரை நினைத்திருந்தாள்.

"அப்போ, இத்தன வருசமா என் மொகத்துல முழிச்சுத்தான் கட படுத்துருச்சா?"

மேகலா தேநீர் போடப் போய்விட்டார். (நானும் கூடப் போயிருக்கலாம்.)

"ஐயோ, அப்படிச் சொல்லலம்மா..."

"வேற எப்படியாம்?"

செல்வம் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "ஏம்மா, நாலு மணிக்கு எந்திரிச்சா மொகம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ண்ணே! அப்போ முழிச்சுத்தான் இருக்கும்!"

"சரி. நாலு மணிக்கே எந்திரிக்கிறேன்!"

வசந்தி இடுப்பில் கை வைத்தாள்.

"தெனமுமா?"

"யோகம்னா எந்திரிக்க மாட்டேனா?"

"நாலு மணிக்கு எந்திரிச்சா அஞ்சரைக்குக் கட தொறக்கலாம். மீன் எறக்குறவங்க, காய்கறிக்காரங்க எல்லாரும் ஆறு மணிக்கு அடுத்த கடையில பசியாறிட்டுப் போறாங்க. நாம எட்டு மணிக்குத் தொறந்து யாருக்குத் தோச ஊத்துறோம்? தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேனே! நரி சொன்னாத்தான் கேப்பீங்களா?"

அப்போது நரி ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. கண்ணைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது செல்வம் சொன்னான்.

"நரி வேணாம் மாமா. ராத்திரி பூரா அது தனியா ஓடும். நான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன். பாவம்லா அது."

"இடி வேணாம்" என்றாள் பின்சீட்டிலிருந்து வசந்தி. மேகலா அனுப்பிய ஏதோ ஒன்றைப் போனில் தேடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஆறு மணிக்குச் செல்வத்தின் கடையில் பசியாறினேன்.

மேசையெல்லாம் நிறைந்திருந்தது என்று எழுத ஆசைதான். நிறையவில்லை. மூன்று மேசைகளில் ஆள் இருந்தார்கள். போன வாரம் இதே நேரத்தில் கடையே பூட்டிக் கிடந்தது.

அன்று காரில் வசந்தி போனில் தேடிக்கொண்டிருந்தது, மேகலா பதிவு செய்து அனுப்பிய நரியின் கத்தலை! அதைச் செல்வத்தின் போனில் அலாரமாக வைத்துவிட்டாள். முதல் நாள் அவன் கட்டிலிலிருந்தே விழுந்தானாம்.

"இப்போ யார் மொகத்துல முழிக்கிற மச்சான்?" என்று கேட்டேன்.

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எழுப்புறது நரிதான், மாமா. லைட்டப் போட்டா முன்னால நிக்கிறது உங்க தங்கச்சி."

"இதுல யோகம் எது?"

"யோசிச்சுப் பதில் சொல்லுங்க!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

நண்பர்களே, மேகலாவின் நரிக்கு இன்னும் வீடு அமையவில்லை. இரவில் விழித்திருப்பவர்கள், தனி அறை உள்ளவர்கள், பெர்மிட்டுக்கு அலையத் தயங்காதவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.

யோகம் தேடுபவர்கள் வேண்டாம். அவர்களுக்கு அந்தக் கத்தலை மட்டும் அனுப்பி வைக்கிறேன்!