வரப்பில் வாசித்த பிடில்

என் அத்தையைத் திருச்சி ஜில்லாவில் பல ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விவசாயக் கூட்டங்களில் மேடையேறி, அதிகாரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வாய்க்கால் தூர் வாரவில்லை, கொடுத்த விதைநெல் முளைக்கவில்லை என்று நிதானமாக எடுத்துச் சொல்வாள். நடுவில் ஒரு பாட்டும் வரும். கேட்டவர்கள் பேச்சை மறந்தாலும் பாட்டை மறக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதைப் பாட்டுக்குள்ளும் வைத்திருப்பாள் என்பதால் அவளுக்கு அதில் நஷ்டமில்லை. அவள் அப்படிப் பேர் எடுப்பதற்கு முன்பு, புகுந்த வீட்டின் சின்ன மருமகளாக மட்டும் இருந்த காலத்தில் நடந்தது இது. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையடித்துக்கொள்ளும்படியான பங்கு அல்ல.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து அங்கேயே பிடில் கற்றுக்கொண்டவள். மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாமா சாது. வீட்டில் பேச்சு செல்லுபடியாவது மாமாவின் அண்ணனுக்குத்தான். அவரை நான் பெரிய மாமா என்பேன். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அத்தைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மாட்டைப் பார்த்தோ தூணைப் பார்த்தோ சொல்வார். மாடும் தூணும் அந்த வீட்டில் நிறையத் திட்டு வாங்கியிருக்கின்றன.

பாலக்கரையிலிருந்து காலாண்டு லீவுக்கு நான் அங்கே போயிருந்தபோது அத்தை இரண்டு காரியங்களில் முனைந்திருந்தாள். ஒன்று, நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டில் அவளுடைய கச்சேரி. கல்யாணத்துக்குப் பிறகு முதல் கச்சேரி அது. ஆறு வருஷம் பொறுத்து, மாமாவைக் கொண்டு பெரிய மாமாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். இன்னொன்று, அப்போது புதிதாக வந்திருந்த கயிறு நடவு. கயிற்றை நேராகப் பிடித்து, அதை ஒட்டிச் சாண் இடைவெளியில் நாற்றை ஊன்ற வேண்டும். களை எடுக்கச் சுலபம், நாற்றும் மிச்சம் என்று பிளாக் ஆபீசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தை மட்டும் போட்டுக்கொண்டாள். பெரிய மாமா தூணிடம், “ரோட்டோரத்து வயலை எடுத்துக்கட்டும், பாப்போம்” என்று சொல்லியிருந்தார்.

நடவுப் பெண்களுக்குக் கயிறு பிடிக்கவில்லை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கயிறு நகரும்வரை நிற்க வேண்டும். நின்றால் பாட்டு அறுந்துபோகும். பாட்டு அறுந்தால் இடுப்பு வலி தெரியும்.

“கயிறைப் பாத்தா பாட்டு நிக்குது, பாட்டைப் பாத்தா கயிறு நிக்குது. எங்களுக்குத் தோதுப்படாதுங்கம்மா” என்றாள் அவர்களில் மூத்தவள்.

மற்றவர்களாக இருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லியிருப்பார்கள். அத்தைக்கு அது சங்கீதக் கோளாறு என்று பட்டது. அவர்களுடைய பாட்டையே பாடச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் கயிற்றில் எட்டு நாற்று. எட்டு எண்ணிக்கைக்குள் பாட்டின் ஓர் அடி முடியும்படி அதை மாற்றிக் கட்டினாள். எட்டாவது நாற்று ஊன்றியதும் பிடிலில் நீளமாய் ஓர் இழுப்பு. அந்த இழுப்புக்குள் கயிறு நகர்ந்துவிட வேண்டும். பாட்டு நிற்காது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் புல்லரிக்கிறது. எத்தனையோ வித்வான்களைக் கேட்டுவிட்டேன். நாற்றின் இடைவெளியைத் தாளத்தில் அளந்தவர் வேறு யாருமில்லை.

நடவு நாளில் அத்தை வரப்பில் மணையைப் போட்டு உட்கார்ந்து வாசித்தாள். ரோட்டில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். நான் குடை பிடித்தேன். முக்கால் வயல் முடிந்தபோது தூறல் போட்டது. அத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெண்கள் கரையேறிவிடுவார்கள். நாளைக்கு வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். குடை ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் நனைந்தது. கடைசி வரிசையும் கோடு போட்டது போல் முடிந்தது. பெரிய மாமா வந்து பார்த்தார். தூண் எதுவும் அருகில் இல்லாததால் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பிடிலைத் துடைத்துத் தந்திகளைத் தளர்த்தினாள். “கொஞ்சம்தான் ஈரம். ரெண்டு நாள் நிழல்ல ஆறுனா சரியாயிடும்” என்றாள். கூடத்து அலமாரியில் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

இரண்டு நாள் எனக்கு ரொம்ப அதிகமாகப் பட்டது. கச்சேரிக்கு எனக்குப் புதுப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அவித்த நெல்லைக் களத்தில் பரப்பினார்கள். சொதசொதவென்று இருந்த நெல் மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது. நெல்லுக்கு வெயில், பிடிலுக்கு மட்டும் எதற்கு நிழல்? எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் பிடிலைக் கொண்டுபோய் நெல்லின் மேல் மல்லாத்தி வைத்தேன். நெல்லைப் புரட்டுவதுபோல் அதையும் நடுவில் ஒரு தடவை புரட்டிப் போட்டேன். பிறகு ‘படக்’கென்று ஒரு சத்தம். மேல்பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. துடைத்து, பெட்டியில் வைத்து, மூடிவிட்டு, கொல்லையில் போய்ப் பாண்டி ஆடினேன். தனியாகத்தான்.

சாயங்காலம் ஈரம் ஆறியிருக்கிறதா என்று பார்க்க அத்தை பெட்டியைத் திறந்தாள். பிளவை விரலால் நீளவாக்கில் தடவிப் பார்த்தாள். பிறகு, “இதை ஒட்டி எடுக்கவே ஒரு மாசம் ஆவும்” என்றாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு பிடில் இரவல் வாங்கலாமே என்றார். பத்து நாளில் புதுப் பிடிலில் கை படியாது, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி எழுதிவிடுங்கள் என்றாள் அத்தை.

பெரிய மாமா தூணைப் பார்த்தார். “வயல்ல கொண்டாந்து பிடில் வாசிச்சா இப்படித்தான் ஆவும். கயிறும் வேணாம், கச்சேரியும் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்.”

அத்தை பிடிலைத் திருப்பி, லேசாகத் தட்டினாள். அதன் வயிற்றுத் துளை வழியாக நாலைந்து உமி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். கையை மூடிக்கொண்டாள்.

“ஆமாங்க” என்றாள். “மழையிலதான் போச்சு.”

எனக்கு உயிர் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மழையில் நனைந்த பிடிலுக்குள் உமி எப்படி வரும் என்றுகூட யோசிக்கத் தெரியாத அத்தையை நினைத்து எனக்குச் சிரிப்பாக வந்தது.