செல்லத்துரையோடு பார்த்த கைதிகள் படம்

செல்லத்துரையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒழுங்கில்லாமல் எனக்கு எழுத வராது. ஆகவே முதலில்:

1. நானும் செல்லத்துரையும் தடுப்பு முகாமில் இருந்த காலம்.
2. இங்கே நாங்கள் சேர்ந்து பார்த்த ஒரு படம்.
3. தூரம் காரணமாக ரொறன்ரோவில் அதிகம் சந்திக்க முடியாமற்போனது.

அவர் இறந்த செய்தியை அவருடைய மகன் ரவி கொண்டுவந்தான். மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு மட்டும் சொல்ல ரவி, நகரின் ஓரத்தில் அவர்கள் வீடு இருக்கும் ரூஜிலிருந்து நான் இருக்கும் வெக்ஸ்போர்ட்டுக்குக் கார் ஓட்டிவந்து கதவைத் தட்டினான். "மாஸ்ரருக்கு நேரிலை போய்ச் சொல்லு எண்டு அப்பா ஆஸ்பத்திரியிலை வைச்சே சொன்னவர்" என்றான்.

ஊரில் நான் பள்ளிக்கூட மாஸ்ரர். எங்கள் வீட்டு உடுப்புகளை வெளுக்க எடுத்துப்போனவர் செல்லத்துரையின் தகப்பன். எங்கள் வாசல் படலைக்கு உள்ளே அவர்கள் வந்ததில்லை. இராணுவம் ஒரே நாளில் எங்கள் இருவரையும் பிடித்துச் சென்றது. முகாமில் இரண்டு பேருக்கு ஒரு தகரப் பேணிதான். நான் குடித்த பிறகே அவர் குடிப்பார். அப்படிக் குடிக்கும்படி நான் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் அவரே தேநீரை ஆற்றி, தான் ஒரு வாய் குடித்துச் சூடு பார்த்துவிட்டுத் தந்தார். நான் குடித்தேன். யோசிக்கவில்லை.

இங்கே வந்தபின் அவர் பேக்கரிப் பாண் விநியோகிக்கும் வான் ஓட்டி, ரூஜில் வீடு வாங்கினார். நான் இன்னமும் வாடகைத் தொடர்மாடியில். என் மகளின் கலியாணத்துக்கு ஒரு பட்டியல் போட்டேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் ஒரு பக்கம், தபாலில் அனுப்பக்கூடியவர்கள் மறுபக்கம். செல்லத்துரைக்கு அட்டை தபாலில் போனது. அவர் வந்தார், பிள்ளைகளை வாழ்த்தினார், சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

மறு வருடம் அவரே தொலைபேசி எடுத்தார். நூலகத்தில் ஞாயிறு பின்னேரம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறார்களாம், போர்க் கைதிகளின் கதையாம். "நாங்கள் பாக்காமல் ஆர் பாக்கிறது, மாஸ்ரர்?" என்றார். திரையின் கீழே வந்த ஆங்கில வரிகளை நான் அவருக்கு மெல்லத் தமிழில் சொன்னேன். அதில் கைதியான ஓர் அதிகாரியும் அவரைக் காவல்காக்கும் எதிரி அதிகாரியும் பழைய பெருங்குடும்பத்தவர்கள். தங்கள் சொந்தப் படையாட்களைவிட ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள். தங்கள் காலம் முடிகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் அவருடைய வானில் ஏறினோம். வானை வீதிக்கு எடுத்தவர், "உவைக்குத் தங்கடை காலம் முடிஞ்சுது எண்டு விளங்கியிருக்கு. எங்கடை ஆக்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், ரூஜ் தூரம் என்பதால்தான் வரவில்லை என்றேன்.

அவர் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், தூரந்தான்" என்றார். பிறகு என் கட்டட வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, அந்தத் தூரத்தைத் தனியே திரும்பி ஓட்டிப்போனார்.

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். என் மரியாதையைக் காப்பதற்காக அதை அவர் ஒப்புக்கொண்டார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது "தூரந்தான்" என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. ரூஜுக்கு இரண்டு பஸ் எடுத்தால் போய்விடலாம். போயிருந்தால் அவருடைய வீட்டில் தேநீர் தந்திருப்பார்கள். அதற்குப் பயந்துதான் நான் போகவில்லை.