மூன்று ஷிஃப்டுக்கு ஒரு ஃபோன்

ஒரே சிஸ்டம் ஓடுகிற இரண்டு ஃபோன்களில் ஒன்றுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது, இன்னொன்றுக்கு ஏன் வரவில்லை? ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் எதிர் அறையில் இருக்கும் முத்துமணி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப் படித்தவன் என்று நம்பிக் கேட்டார். அவருடைய கல்யாணமே அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முத்துமணிக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அறையில் அவரோடு பெரம்பலூர் சக்தியும் உத்தனப்பள்ளி ஆஞ்சப்பனும் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லேத் மெஷின், ஷிஃப்ட் மட்டும் வேறு வேறு. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பார். பேசுவதற்கு ஆளுக்கொரு பட்டன் ஃபோன் இருந்தது. அது போதாதென்று இந்த 2009இல் மூவரும் பங்கு போட்டு பெங்களூரில் ஒரு டச் ஸ்கிரீன் ஃபோனும் வாங்கினார்கள்.

கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. அதனால் ஷிஃப்ட் மாறும்போது கேட்டுக்கு எதிரே டீக்கடையில், உள்ளே போகிறவர் வெளியே வருகிறவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போவார். மெஷினை ஒப்படைக்கும்போது டூல் எப்படி, ஆயில் எப்படி என்று சொல்வது வழக்கமல்லவா? ஃபோனையும் அப்படியே ஒப்படைத்தார்கள். "சார்ஜ் பாதி. மெயில் ஒண்ணு. மழை இல்ல." அவ்வளவுதான். சொன்னவர் உள்ளே போய்விடுவார்.

அந்த ஃபோனில் ஒரே ஒரு மெயில் முகவரியைத்தான் வைக்க முடியும். எனவே மூவருக்கும் அதே முகவரி. ஆவணியில் முத்துமணிக்கு மத்தூரில் பெண் பார்க்கப் போகும்வரை அதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

பெண்ணின் பெயர் ரஞ்சிதா. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியின் ஆபீசில் வேலை. முத்துமணிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. முடிவை அவளிடமே விட்டுவிட்டோம் என்றார்கள் அவளைப் பெற்றவர்கள். அவளோ, "சில விஷயம் கேக்கணும். மெயில்ல எழுதறேன்" என்றாள். முத்துமணி பெருமையாக முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவரிடம் சக்தி ஃபோனை நீட்டினார்.

"சார்ஜ் ஃபுல்லு. மத்தூர்லேருந்து மெயில். குடிப்பீங்களான்னு கேட்டிருந்தாங்க. பதில் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நாந்தான். நீ உள்ள மெஷின்ல இருந்த. பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

முத்துமணி திறந்து பார்த்தார். தமிழ் எழுத்து அந்த ஃபோனில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார் சக்தி: 'குடிக்க மாட்டான். குறட்டை விடுவான். குழம்பு நன்றாக வைப்பான், ஆனால் பாத்திரம் கழுவ மாட்டான்.'

அன்று சாயங்காலமே பட்டன் ஃபோனில் ரஞ்சிதா கூப்பிட்டாள்.

"பதில் போட்டது யாருங்க?"

முத்துமணி உண்மையைச் சொன்னார்.

"நான் உங்களுக்குத்தாங்க எழுதினேன், உங்க ரூமுக்கு இல்ல. நீங்க மட்டும் படிக்கிற மாதிரி ஒரு முகவரி வரட்டும். அப்புறம் என் முடிவச் சொல்றேன்."

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் கம்பெனி இன்ஜினியர் ஹரீஷ்குமாரின் ஃபோனுக்குப் புது வெர்ஷன் வந்தது. அதில் இரண்டு, மூன்று முகவரிகளைத் தனித்தனியாக வைக்கலாம். சிஸ்டம் என்னவோ இரண்டு ஃபோனிலும் ஒன்றுதான். முத்துமணி தினமும் அப்டேட் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். இல்லை, இல்லை என்றே சொன்னது ஃபோன். என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபோன் ரிப்பேர் பார்க்கும் மூர்த்தியிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் அறையே கூடப் போனது.

மூர்த்தி சொன்னார்: "இன்ஜினியர் சாரோடது வெறும் சிஸ்டம்ணா. உங்களுதுல ஃபோனச் செஞ்ச கம்பெனி மேல தன்னோட முகம் ஒண்ணு போட்டு வச்சிருக்கான். பெரிய கடியாரம், மேகம், அதெல்லாம் அவனோடது. அடியில சிஸ்டம் மாறினா, அவன் தன் முகத்தத் திரும்பச் செஞ்சு, பொருந்துதான்னு பாத்து, அப்புறந்தான் அனுப்புவான்."

"காஸ்டிங் மாறினா நம்ம ஃபிக்ஸ்சர மாத்தற மாதிரியா?" என்றார் முத்துமணி. இரும்பு வார்ப்பு ஒரு நூல் மாறினாலும், அதைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரைப் புதிதாகச் செய்யும்வரை அவர்கள் மெஷின் சும்மா நிற்கும்.

"அதேதாண்ணா."

"அப்ப இந்த வருசம் வராது" என்றார் சக்தி.

"அவசரம்னா அந்த முகத்தக் கழட்டிட்டு வெறும் சிஸ்டத்த ஏத்தித் தரேன். நாளைக்கே மூணு முகவரி வச்சுக்கலாம். கடியாரமும் மேகமும் போயிடும்."

முத்துமணியின் முகம் மலர்ந்தது. ஆஞ்சப்பன் மட்டும் ஃபோன் திரையில் இருந்த மேகத்தையே பார்த்தார்.

அவருடைய அப்பா உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டிருந்தார். மழை பெய்யும் என்றால் ஃபோன் திரையில் துளிகள் விழும், ஒரு வைப்பர் வந்து துடைத்துவிட்டுப் போகும். ஓசூர் அதில் இல்லாததால் பெங்களூர் மழையைப் பார்த்து, அதை உத்தனப்பள்ளிக்குக் குத்துமதிப்பாக மாற்றி, மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று தினமும் அப்பாவுக்குச் சொல்வார் ஆஞ்சப்பன். பாதி நாள் தப்பும். ஆனால் அப்பா ஊரெல்லாம், "எம்பையன் ஃபோன்ல மழைய வச்சிகீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழட்டிக்க மச்சி" என்றார் ஆஞ்சப்பன். "கல்யாணம் பெருசா, தக்காளி பெருசா?"

முத்துமணி ஃபோனை வாங்கிப் பார்த்தார். வைப்பர் ஒருமுறை வந்து துடைத்துவிட்டுப் போனது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் மூர்த்தி. மழை இருக்கட்டும்."

அறைக்கு வந்து, மற்ற இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரஞ்சிதாவுக்கு எழுதினார். புது வெர்ஷன் எப்போது வரும் என்று தெரியாது, குறுக்கு வழி இருக்கிறது, ஆனால் ஆஞ்சப்பன் அப்பாவுக்கு மழை போய்விடும், காத்திருக்க முடியுமா? இவ்வளவுதான் எழுதினார். பாத்திரம் இனிமேல் கழுவுவேன் என்பதைச் சக்தி சேர்க்கச் சொன்னார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பதில் இல்லை. மூன்றாம் நாள் முத்துமணி முதல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தார். டீக்கடையில் ஆஞ்சப்பன் அவசரமாகக் கிளாஸை வைத்துவிட்டு ஃபோனை நீட்டினார்.

"சார்ஜ் முக்கால். புதுப் பாட்டு ரெண்டு ஏத்திகீறேன். சாயந்திரம் மழை. ரஞ்சிதா சரின்னுட்டாங்க. வரட்டா?"

சொல்லிவிட்டுப் பஞ்ச் அடிக்க உள்ளே போய்விட்டார். முத்துமணி டீக்கடை வாசலிலேயே நின்றார். பிறகு மெயிலைத் திறந்தார்.

'மூன்று பேருக்கும் வணக்கம். எனக்குச் சம்மதம். முதல் நாள் வந்த பதிலைப் படித்துச் சிரித்ததில் ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மழையை விட்டுக்கொடுக்காதவர் என்னையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரே ஒரு சந்தேகம்: ஓசூரில் பிரவுசிங் சென்டர் கிடையாதா? அங்கே போய்த் தனி முகவரி ஒன்று திறக்க மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?'

நிமிர்ந்து பார்த்தார். டீக்கடைக்குப் பக்கத்துக் கடையே பிரவுசிங் சென்டர்தான்.

தையில் கல்யாணம். அப்டேட் இதை எழுதும்வரை வரவில்லை. முத்துமணி தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். உங்கள் பக்கத்திலும் யாராவது புது வெர்ஷன் வரவில்லையே என்று ஃபோனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டுச் சிரித்தால், அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.