இடப்பக்கம் உட்கார்ந்தவள்

இது இருட்டில் நடந்ததல்ல. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. நடந்தது சங்கவிக்கு. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் மாமியாரிடம் அவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டாள்.

சங்கவி உழவர்கரையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். வீடு ரெட்டியார்பாளையத்தில். மூன்று முறை கரு தங்கி, மூன்று முறையும் கலைந்துவிட்டது. கடைசி முறைக்குப் பிறகு கணவன் நெடுமாறன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மாமியார் செல்வாம்பாள் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். சங்கவி எந்த அம்மனை விட்டாள்? தொட்டில் கட்டினாள். மண்சோறு தின்றாள். தலையில் கரகம் தூக்கி வெயிலில் நடந்தாள். கடைசியில் ஒருநாள் பூஜை அலமாரியில் இருந்த அம்மன் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். யார் சொல்லியும் அதை மறுபடி திருப்பவில்லை.

அப்போதுதான் ஸ்டெல்லாமேரி கூப்பிட்டாள். அதே பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். சங்கவியைவிட மூத்தவள், கணவனை இழந்தவள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராக ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தேவியை அறிந்துகொள்ளும் வகுப்பு. பெண்கள் மட்டும். ஆத்தாவும் மாதாவும் ஒரே சக்திதான் என்று அங்கே சொல்கிறார்களாம். மனசுக்கு லேசாக இருக்கிறதாம்.

"வேண்டுதல் கிடையாது, பரிகாரம் கிடையாது. சும்மா வந்து உக்காரு. புடிக்கலன்னா எழுந்து போயிடு" என்றாள் ஸ்டெல்லாமேரி.

சங்கவி போனாள்.

குருசுக்குப்பத்தில் ஒரு பழைய மாடிவீடு. மேலே நீளமான கூடம். சன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல் கேட்கும். வகுப்பு எடுத்தவள் பெயர் மிருணாளினி. பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். வெள்ளைப் புடவை, வெள்ளி வளையல், குழந்தையைத் தூங்க வைப்பது போன்ற குரல். தேவியை வெளியே தேடாதீர்கள் என்றாள். அவள் கல்லில் இல்லை, உங்களுக்குள் இருக்கிறாள், கண்ணை மூடிக் கூப்பிட்டால் பேசுவாள் என்றாள். பார்வதி தவம் இருந்த கதையைச் சொன்னாள். முதலில் சோற்றை விட்டாள், பிறகு பழத்தை விட்டாள், கடைசியில் உதிர்ந்த இலையைக்கூடத் தொடவில்லை. அதனால்தான் அபர்ணா என்று பெயர். பசியைக் கடந்தவள்தான் தேவி.

சங்கவிக்கு அந்தக் கதைமீது பெரிதாகப் பிடிப்பு வரவில்லை. ஆனால் அங்கே யாரும் எத்தனை பிள்ளை என்று கேட்கவில்லை. அது ஒன்றே போதும் என்று இருந்தது.

பாயில் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். சங்கவி இடதுகோடி. அவளுக்கு வலப்பக்கம் ஸ்டெல்லாமேரி. இடப்பக்கம் யாரும் இல்லை. ஒரு பாய் அகலத்துக்கு இடம், அப்புறம் சுவர்.

கண்களை மூடச் சொன்னாள் மிருணாளினி. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சங்கவியின் வலது கையை ஸ்டெல்லாமேரி பிடித்தாள். இடது கை மடியில் கிடந்தது.

சிறிது நேரத்தில் அந்தக் கையையும் யாரோ பிடித்தார்கள்.

தாமதமாக வந்த யாரோ என்று நினைத்துக்கொண்டாள் சங்கவி. சின்னக் கை. சதையே இல்லாமல் எலும்பும் தோலுமாக, சுள்ளிக்கட்டைப் பிடித்ததுபோல் இருந்தது. ஆனால் சூடு. காய்ச்சல்காரியின் சூடு. பிடி விடவே இல்லை. மணி அடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

இடப்பக்கம் சுவர்தான் இருந்தது.

யார் வந்து உட்கார்ந்தது என்று ஸ்டெல்லாமேரியிடம் கேட்டாள். யாரும் வரவில்லையே, கதவு சாத்தித்தானே இருக்கிறது என்றாள் அவள். சங்கவி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மஞ்சள் அப்பியிருந்தது. ஈரமான மஞ்சள்.

காலையில் குழம்புக்கு மஞ்சள்தூள் போட்டோமே, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தூள் எப்படி ஈரமாக இருக்கும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று மிருணாளினி சொல்லியிருந்தாள். சங்கவி தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அன்றும் அதே இடம்தான் வாய்த்தது. கீழ்வீட்டில் கருவாடு வறுத்தார்கள். வாசனை மேலே ஏறி வந்தது. மிருணாளினி முகம் சுளித்து எழுந்து சன்னலைச் சாத்தினாள். பிறகு, தேவியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள் என்றாள்.

சங்கவியிடம் இருந்ததும் ஒரே கேள்விதான். எனக்கு மட்டும் ஏன்?

காத்திருந்தாள்.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடல் இரைந்தது.

பிறகு, இடது காதுக்கு மிக அருகில்...

"கருவாடுதானே அக்கா?"

சங்கவி மூச்சைப் பிடித்தாள். சின்னப் பெண்ணின் குரல். தொண்டை வறண்ட குரல். வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. பட்டினி கிடப்பவர் வாயில் வரும் வாடை. அதன்மேல் சாம்பிராணி. அதன்மேல் புளித்த பால்.

"பசிக்குதுக்கா..."

கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை. சுவர். சுண்ணாம்பு பூத்த வெறும் சுவர்.

அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் கண் விழித்தார்கள். நடந்ததைச் சொன்னாள். மிருணாளினி பயப்படவில்லை. அவள் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து சங்கவியைக் கட்டிக்கொண்டாள். இடப்பக்கம் தேவியின் பக்கம் என்றாள். ஈசனின் உடம்பில் அவள் வாங்கிய பக்கம். உனக்குள் பசியோடு ஒரு குழந்தை இருக்கிறாள், உன் கர்ப்பப்பை பேசுகிறது, இத்தனை நாள் நீ அதைக் கேட்கவில்லை என்றாள். மற்ற பெண்கள் அழுதார்கள். இரண்டு பேர் சங்கவியின் இடது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஸ்டெல்லாமேரி மட்டும் தள்ளி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சங்கவி ஒருவிதமாக இருந்தாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் அதைவிடக் கொடிய ஒன்று, ஆசை. என் பிள்ளைதான் வந்ததோ? மூன்றில் எது? பெண்பிள்ளையா? பள்ளியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று வாய்க்குள் பெயர் வைத்துப் பார்த்தாள். நெடுமாறனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

பிள்ளை என்றால் அம்மா என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? அந்தக் குரல் அக்கா என்று கூப்பிட்டதை அவள் மனசு வசதியாக மறந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு அவளே முந்திப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

கண்ணை மூடினாள். கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பாயில் வைத்தாள். வா என்று மனசுக்குள் கூப்பிட்டாள்.

வந்தது.

இந்த முறை கையில் பலமே இல்லை. விரல்கள் பிடிக்கவில்லை. வந்து கிடந்தன. பஞ்சு மாதிரி.

சங்கவி தலையைத் திருப்பவில்லை. இமையை மட்டும் மெதுவாகப் பிரித்துக் கீழே பார்த்தாள்.

ஒரு கால் தெரிந்தது.

சிவப்புப் பட்டுப்பாவாடையின் ஓரம். ஜரிகை. மஞ்சள் பூசிய பாதம். குங்குமம் அப்பிய விரல்கள். கணுக்கால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்போல் மெலிந்திருந்தது. அதைச் சுற்றி வளையமாக ஒரு புண். சீழ் வைத்த புண்...

அம்மனின் கால் அப்படி இருக்காது.

பிள்ளையின் காலும் அப்படி இருக்காது.

சங்கவியால் எழ முடியவில்லை. கத்த முடியவில்லை.

"அக்கா, கேக்குதா?"

கேட்டது.

"இவங்கல்லாம் கண்ண மூடிக்கினு யாருகிட்ட பேசறாங்க?"

சங்கவியின் கண் அந்தப் புண்ணிலேயே நின்றது.

"கதவத் தொறக்கா."

எந்தக் கதவு என்று கேட்க உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கதவத் தொறந்து உடுக்கா... போதும்."

கை விலகியது.

பாவாடை உரசும் சத்தம் கேட்டது. நடக்கும் சத்தம் இல்லை. தரையில் தேய்த்துத் தேய்த்து நகரும் சத்தம். அது கூடத்தின் வாசலுக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் போனது.

சுவரில் நின்றது.

அப்புறம் இல்லை.

சங்கவி அழுதபடி, கதவைத் திற என்கிறாள் என்று மட்டும் சொன்னாள். மிருணாளினிக்குப் புல்லரித்துவிட்டது. இதயத்தின் கதவு என்றாள். மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு கதவும் திறக்கட்டும் என்று எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னாள். அவ்வளவு பெண்களும் கண்ணை மூடி, கைகோத்து, ஒரே குரலில் சொன்னார்கள். கதவு திறக்கட்டும். கதவு திறக்கட்டும். கூடமே அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

சங்கவி அந்தச் சத்தத்துக்கு நடுவே செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

வீடு வந்து சேர்ந்ததும் காய்ச்சல் கண்டது. செல்வாம்பாள் காற்று கருப்பு பட்டிருக்கிறது என்று வேப்பிலை அடித்தாள். மறுநாள் காய்ச்சலோடு எழுந்து சங்கவி சோறு வடித்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாழையிலை போட்டு, சோறும் குழம்பும் பரிமாறி, பின்வாசலில் வைத்துக் கும்பிட்டாள். யாராக இருந்தாலும் தின்னுட்டுப் போயிடும்மா என்றாள். செத்தவளுக்கு வைப்பதுபோல் வைத்தாள். காக்கைகள் வந்து தின்றன. அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாமேரி வீட்டுக்கு வந்தாள். சங்கவியின் உடம்பை விசாரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் தங்கை மகள் மெரின் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதன்கிழமை மெரினின் வார்டுக்கு ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்களாம். பதினைந்து வயது. எடை ஏழு வயதுப் பிள்ளையின் எடை. உடம்பெல்லாம் மஞ்சள். சிவப்புப் பட்டுப்பாவாடை. போன ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும்போது அவள்மேல் அருள் வந்ததாம். அதிலிருந்து வீட்டார் அவளை ஆத்தாவாக்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்த குடும்பம். குறி கேட்க ஆள் வர ஆரம்பித்தது. முதலில் சோற்றை நிறுத்தினார்கள். பிறகு பாலும் பழமும் மட்டும். பிறகு தீர்த்தம் மட்டும். ஆத்தாவுக்கு எதற்குச் சோறு? கருவாட்டு வாசனைக்கு எழுந்து ஓடுகிறாள் என்று காலில் சங்கிலி போட்டு, வெளியே பூட்டுப் போட்டார்கள். வந்தவர்கள் சன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டு, வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா, பிள்ளை பிறக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வீடு குருசுக்குப்பத்தில்தான். வகுப்பு நடந்த கூடத்துக்கு ஒட்டின மாடி. நடுவில் ஒரே சுவர்.

அந்தப் பெண் எப்போது செத்தாள் என்று சங்கவி கேட்டாள். போன வருஷமா? அதற்கும் முன்னாலா?

ஸ்டெல்லாமேரி அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"நேத்து."

நேற்று வியாழக்கிழமை.

மூன்று ஞாயிறும் அவள் உயிரோடு இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறையில், சங்கிலியில் இருந்தாள். கடைசி மாதத்தில் அவளால் எழுந்து உட்காரக்கூட முடிந்திருக்காது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது யார்? சங்கவிக்குத் தெரியாது. ஸ்டெல்லாமேரிக்கும் தெரியாது. பின்னொரு நாள் மிருணாளினியிடம் போன் போட்டுக் கேட்டதற்கு, அந்த இடத்தின் சக்தியே கலங்கிவிட்டது என்று வருத்தப்பட்டாள். வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள். கூட்டம் முன்னைவிட அதிகமாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஸ்டெல்லாமேரி அந்த வெள்ளிக்கிழமை வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண்ணின் அம்மா போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தபோது மெரின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பெண் கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பேச்சே இல்லை என்றாளாம் அம்மா. அதற்கு முன் ஒருமுறை சிரித்த முகமாக ஏதோ சொன்னாளாம். அதையும் அருள்வாக்கு என்று நினைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்களாம்.

சொன்னது இவ்வளவுதான்.

"பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்கம்மா. அவங்க கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். வந்து தொறப்பாங்க."