ரிசல்ட் நாள் மோமோஸ்

காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு கைபேசியில் வந்தது ஒன்பது முப்பத்தாறுக்கு. ஆனால் எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போது அல்ல. இடையில் இருந்த அந்த ஆறு நிமிடமும், தர்மபுரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், பூரிக்கட்டைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் என் மகளும் பேசாமல் நின்றிருந்தோம். வேதியியலில் அவள் தேறவில்லை. அவள் விரல்களெல்லாம் மைதா. 'பரவாயில்லை, துணைத்தேர்வு இருக்கிறது' என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். அதற்குள் போன் அடித்தது. என் கணவரின் தங்கை.

"அண்ணி, ரிசல்ட்டு வந்துருச்சாமா. பாப்பா எவ்வளவுங்க?"

"இன்னும் பாக்கல கண்ணு. நெட்டு சுத்திக்கிட்டே கெடக்குது" என்றேன்.

அதுதான் ஒன்பது நாற்பத்திரண்டு. போனை வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணைப் பார்த்தபோது கூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. மடித்துக்கொண்டிருந்த மோமோவைத் தட்டில் வைத்தாள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். மொட்டை மாடிக்குத்தான் போகிறாள், அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டேன். பத்து நிமிடம் கழித்து ஏறிப் பார்த்தால் மாடி வெறிச்சென்று இருந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லை. அவளுடைய போன் மாவு டப்பாவின் பக்கத்தில் கிடந்தது. பின்கதவின் பச்சைப் பெயிண்டில் ஐந்து விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

அன்று காலை எட்டு மணிக்கே மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தோம். எங்கள் இட்லிப் பானையில் ஒரு ஈட்டுக்கு இருபத்து நான்கு மோமோஸ் வேகும். வீட்டில் மூன்று பேர், ஆளுக்கு எட்டு. "பாஸானா எனக்குப் பத்து, உனக்கு ஆறுதான்" என்று முந்தின நாளே பேரம் பேசியிருந்தாள். ரிசல்ட் நாளில் மோமோஸ் செய்வது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், நான் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தர்மபுரியில் அரசு மாணவியர் விடுதி ஒன்றில் ஆறு ஆண்டுகள் நான் காப்பாளராக இருந்தேன். அங்கே சமையலராக இருந்தவர் வத்தல்மலையில் பிறந்து, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட நான்கு வயது இளையவர். மாணவிகள் எல்லோரும் சமையலக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒல்லியான உடம்பு. ஐம்பது பேருக்கான களியைத் தனியாளாகக் கிண்டி இறக்கிவிட்டு, மூச்சு வாங்காமல் பேசுவார். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. பள்ளி விட்டதும் என் அறைக்கு வரமாட்டாள், நேராகச் சமையலறைக்குத்தான் ஓடுவாள். இரண்டு மூன்று முறை மாரியம்மன் பண்டிகைக்குச் சமையலக்காவுடன் அவர் ஊருக்கும் போய் வந்திருக்கிறாள்.

விடுதியில் பாதிப் பேர் சித்தேரி, வத்தல்மலைப் பெண்கள். மே மாதம் விடுதிக்கு விடுமுறை. ஆனால் மலையில் போன் சரியாக எடுக்காது என்பதால், தேர்வு முடிவு வரும் நாளில் அந்தப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து விடுதிக்கு வந்துவிடுவார்கள். நான் கதவைத் திறந்து வைத்து, கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துச் சொல்வேன். விடுமுறை நாளில் சமைக்க வேண்டிய கட்டாயம் சமையலக்காவுக்கு இல்லை. ஆனாலும் வருவார். வீட்டிலிருந்து கேழ்வரகு மாவும் அவரைக்கொட்டைப் பூரணமும் கொண்டுவந்து காரக் கொழுக்கட்டை அவிப்பார். ஆளுக்கு இரண்டு. முந்தின நாளே எத்தனை பேர் வருவார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு அத்தனைக்குத்தான் மடிப்பார். பாஸ், ஃபெயில் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். அன்று அந்தச் சமையலறைக்குள் யாரும் யாரையும் 'எவ்வளவு?' என்று கேட்கக் கூடாது. ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். "மேடம், அது உங்க ரூம்ல. இங்க எத்தன வேணுமுன்னு மட்டுந்தான் கேக்கணும்" என்றார் சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது உத்தரவுதான்.

கொழுக்கட்டை மோமோஸ் ஆனது மாணவிகளால். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் மோமோஸ் வந்திருந்த புதிது. "எப்பப் பாரு ராகிக் கொழுக்கட்டையா? மோமோஸ் செஞ்சு குடுக்கா" என்று நச்சரித்தார்கள். சமையலக்கா அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு கிலோ மைதாவை வாங்கிவந்து, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினார். உலை கொதித்ததும் மாவைக் கொட்டிக் களித்துடுப்பால் கிண்டினார். துடுப்பு பசையில் நட்ட கம்பம் போல நின்றுவிட்டது. அவரும் இழுத்தார், நானும் இழுத்தேன், பானைதான் தூக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, இது மைதாக் களி!"

"போஸ்டர் ஒட்டலாங்கா!"

"ஒட்டுங்கடி, மொதல்ல உங்க வாய்ல ஒட்டறேன்" என்றார் சமையலக்கா. அதையும் மிளகாய்ச் சட்னி தொட்டுக்கொண்டு தின்றே தீர்த்தார்கள்.

மறுநாள் அவர் அந்த வண்டிக்குப் போய் ஒரு தட்டு வாங்கியிருக்கிறார். ஒன்றைத் தின்றார். ஒன்றை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். மிச்சத்தை என் மகளுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். "பச்சத் தண்ணிதானுங்க ஊத்தறாங்க. நாமதான் களி புத்தியில போயிட்டோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கை தவறவில்லை. முட்டைக்கோசையும் கேரட்டையும் பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறி வைப்பார். தண்ணீர் விட்டதும் துணியில் கட்டிப் பிழிந்துவிடுவார், இல்லாவிட்டால் வேகும்போது அடி நைந்து போகும். அப்பளத்தை விடச் சின்னதாக, நடுவில் கொஞ்சம் கனமாக, ஓரம் மெலிதாகத் தேய்ப்பார். பூரணத்தை வைத்து ஓரத்தைச் சின்னச் சின்னக் கொசுவமாகப் பிடித்துக்கொண்டே வந்து உச்சியில் ஒரு திருகு. எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் பத்து நிமிடம். விரலால் தொட்டால் ஒட்டாமல், உள்ளே இருக்கும் கேரட் நிறம் மேலே தெரிய வேண்டும். அதுதான் பதம்.

நான் அவரை மறக்க முடியாமல் போன நாள் ஒன்று உண்டு. அந்த ஆண்டு ரிசல்ட்டுக்குப் பத்தொன்பது பெண்கள் வந்திருந்தார்கள். என் மேசையில் பட்டியல் இருந்தது. எத்தனை பேர் தேர்ச்சி, யார் முதல், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று அலுவலகத்துக்குச் சொல்வதற்காக எழுதிக்கொண்டிருந்தேன். சமையலக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், ரெண்டு நிக்குதுங்க."

"என்ன ரெண்டு?"

"முப்பத்தெட்டு மடிச்சேன். ரெண்டு மிச்சம் நிக்குது. ஒரு புள்ள சாப்புட வரல."

யாராவது இருவர் ஒன்று குறைத்து எடுத்திருப்பார்கள் என்றேன். "இதுங்களா? கொறச்சா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பாடங்களில் போன சித்தேரிப் பெண்ணின் பெயருக்கு நேரே நானே பதினைந்து நிமிடம் முன்பு சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். அவள் எங்கே என்று நான் தேடவில்லை.

அந்தப் பெண் ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஊருக்கும் சொல்லாமல் கிளம்பியிருந்தாள். சமையலக்கா அவளிடம் எதுவுமே கேட்கவில்லையாம். "ஆறிப்போவுது, தின்னு" என்று தட்டை நீட்டியிருக்கிறார். ஒரு பஸ் வந்து போயிருக்கிறது. அடுத்த பஸ்ஸும் போயிருக்கிறது. இருவரும் நடந்து திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் பிற்பாடு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. சமையலக்காவுக்குத் தெரியும்.

இவ்வளவையும் பார்த்தவள் நான். பார்த்தும், என் வீட்டில், என் பிள்ளைக்கு எதிரே நின்றுகொண்டு, 'நெட்டு சுத்துகிறது' என்று சொல்லியிருக்கிறேன். ஃபெயில் ஆனதை அவள் தாங்கியிருப்பாள். அம்மா தன்னை மறைக்கிறாள் என்பதை எப்படித் தாங்குவாள்?

பாலக்கோட்டில் வேலையிலிருந்த என் கணவர் பத்தரைக்கு வந்து சேர்ந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், தோழிகள் வீடு என்று அலைந்தார். நான் வீட்டை விட்டு நகரக் கூடாது என்றார், திரும்பி வந்தால் ஆள் வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் ஒன்று விடாமல் போன் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு நாத்தனாருக்கும் போட்டேன். "கண்ணு, காலையில பொய் சொன்னேன். கெமிஸ்ட்ரியில போயிருச்சு. பாப்பாவக் காணோம்" என்றேன். "அண்ணி, நானே பத்தாவதுல ரெண்டு தடவ எழுதுனவ. அண்ணன் உங்களுக்குச் சொன்னதில்லையா?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களும் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணி வரைக்கும் பார்த்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று கணவர் போனில் சொன்னார். 'ஸ்டேஷன்' என்ற சொல் காதில் விழுந்ததும் போனைக் கீழே வைத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஈரத்துணி காய்ந்து மாவின் மேல் ஏடு கட்டியிருந்தது. மறுபடி நனைத்துப் பிசைந்து, தேய்த்து மடித்தேன். மகள் மடித்து வைத்த ஒன்பது தட்டில் இருந்தன, அவற்றின் கொசுவம் ஒரே சீராக இருந்தது. நான் மடித்த பதினைந்தும் வாய் கோணிக்கொண்டன. எல்லாவற்றையும் அவித்து எடுத்தேன். கணவருக்கு எட்டு, எனக்கு எட்டு என்று இரண்டு தட்டில் எடுத்து வைத்தேன். பானையில் எட்டு நின்றது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த எட்டையும் பார்த்தபடி இருந்தேன். ஒரு பிள்ளை சாப்பிட வரவில்லை என்று மிச்சம் நின்ற இரண்டைப் பார்த்துச் சொன்னவர் நினைவுக்கு வந்தது அப்போதுதான். அவருடைய எண் என் பழைய போனோடு போயிருந்தது. நான் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஒரு தடவை கூட அவரைப் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டு ஐம்பதுக்கு வெளிக்கதவின் கொண்டி சத்தம் கேட்டது.

சமையலக்காதான் முன்னால் வந்தார். தலை நரைத்திருந்தது, நடை அதே வேகம். பின்னால் என் மகள், தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"நாலு தடவ போட்டேனுங்க மேடம், பிசி பிசின்னே வருது. எங்க வூட்டுப்பக்கம் டவரே இல்ல, பஸ்ரோட்டுக்கு வந்துதான் போடணும். அப்பறம் பஸ்ஸே வந்துருச்சு, சரி நேர்லயே போயிரலாமுன்னு கூட்டியாந்துட்டேன்."

நான் ஊரெல்லாம் தேடிப் போன் போட்டுக்கொண்டிருந்ததால்தான் அவருடைய அழைப்பு எனக்கு வரவில்லை. சின்ன வயதில் பண்டிகைக்குப் போன அந்த வழியும், எந்த பஸ் என்பதும் என் மகளுக்கு நினைவிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. போனில்லாமல், யாரையும் வழி கேட்காமல், அவள் போய் இறங்கியிருக்கிறாள்.

"கேப்பக்கூழு ஊத்தி வெச்சேன், தொட மாட்டேங்குது" என்றார் சமையலக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் பானை மூடியைத் தூக்கினார். ஆவி இல்லை, ஆறியிருந்தது. ஒரு நொடி எண்ணினார். என் இரண்டு தட்டையும் பார்த்தார். அடுப்பைப் பற்ற வைத்தார்.

மூன்று வாரமாகியும் நடுச்சோற்றில் எழுந்துபோய் மகள் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். கதவில் இருக்கும் அந்த ஐந்து விரலை இன்னும் நான் துடைக்கவில்லை. மகள் துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம், பேசுகிறோம், எல்லாரிடமும் உள்ளதைச் சொல்கிறோம். ஆனால் அன்று மூன்று மணிக்கு, அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பின்கதவோரம் நின்றபோது, என் வாய் நிறைய இருந்தவை வேறு. எங்கே போனாய், ஏன் சொல்லவில்லை, ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆவேன். சமையலக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "கேளுங்க மேடம்" என்றார். எதைக் கேட்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எத்தன வேணும்?" என்றேன்.

மகள் தட்டுகளைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பத்து" என்றாள்.