இழைப்புளி நின்ற நாடகம்

ககேஹா டீச்சர் மேல் எனக்குப் பதினாறு வருடமாக ஒரு கோபம் உண்டு. அவரிடமே சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

அன்று திங்கட்கிழமை, கொடியேற்றும் நேரம். நான் பள்ளி அலுவலகக் கூரையில் ஏணி சாய்த்து, ஓட்டை விழுந்த மழைநீர்த் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் நாடகப் போட்டியில் மாவட்டக் கோப்பையை ஜெயித்து வந்திருந்தார்கள். டீச்சர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்:

"இந்த நாடகத்தை நான் தேர்ந்தெடுக்கல. நம்ம ஃபுண்டி ஒன்ஸேரே தேர்ந்தெடுத்தார். நாலாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்குப் புடிச்சா மாவட்டத்துக்கே புடிக்கும். அதோ, ஏணி மேல நிக்கிறார் பாருங்க!"

எழுநூறு தலைகள் திரும்பின. ஏணியில் நிற்பவன் எங்கே ஓடுவான்? கையில் சுத்தியல், வாயில் மூன்று ஆணி. சிரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது.

அன்றிலிருந்து என் பெயர் போயிற்று. தச்சனோ கொத்தனோ, எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரன் எல்லாருமே ஃபுண்டிதான். நான் மட்டும் 'நாலாங் கிளாஸ் ஃபுண்டி'. சந்தையில் மீன் விற்கிறவள்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். வீட்டில் கீரையில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னால் என் மனைவி அயூமா, "பேசாம தின்னுங்க. உங்களுக்குப் புடிச்சா மாவட்டத்துக்கே புடிக்கும்" என்பாள்.

கோபத்துக்குக் காரணம் அந்த நாலாம் வகுப்பு மட்டும் இல்லை. நான்தான் நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

நடந்தது இதுதான். பள்ளி மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவன் பேச்சுக்கூடக் கேட்காது. என் பட்டறைக்குப் புல் கூரை. அதனால் ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதம் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வருவார். குள்ளமான, கனத்த உடம்பு. ஒரு கையில் குடை, மறுகையில் பை நிறைய நாடகப் பிரதிகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். டீச்சர் பின்னால் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, வறுத்த கடலையை உடைத்துத் தின்றபடி கண்ணை மூடிக்கொள்வார். நான் என் பாட்டுக்கு மரம் இழைத்துக்கொண்டிருப்பேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கேட்டது நாடகத்தை இல்லை. என் இழைப்புளியை. எந்த நாடகத்துக்கு இழைப்புளிச் சத்தம் நிற்காமல் போகிறதோ, அது பைக்குள் போய்விடும். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்துக்கொள்வார். பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். மரத்துக்கும் எனக்கும்தான் தெரியாது.

கொடியேற்றிய அன்றே பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, போய்ச் சண்டை போட்டேன்.

"டீச்சர், இனிமே என் பட்டறைப் பக்கம் வராதீங்க. விஷயம் எனக்குத் தெரிஞ்சிருச்சு. இனி ஒங்க வித்தை பலிக்காது."

"தெரிஞ்சா என்ன, ஃபுண்டி? உங்களுக்குத்தான் தெரியும். உங்க கைக்கு நடிக்கத் தெரியாது" என்றார், கடலையை நீட்டியபடி. வாங்கித் தின்றது என் தப்பு.

நாடகம் தேர்ந்தெடுத்த பிறகு அதைப் படிக்கும் விதமும் அவருடையது தனி. வசனத்தை மனப்பாடம் செய்ய விடமாட்டார். முதல் மூன்று வாரம் ஒரே கேள்விதான்: "இந்த ஆள் காலையில என்ன சாப்பிட்டான்?" பதில் சொல்லாத பிள்ளைக்கு வசனம் கிடையாது. கிடிகா என்று ஒரு பையன், ராஜா வேஷம்.

"உகாலிக் களி சாப்பிட்டேன், டீச்சர்."

"எதோட?"

"கீரையோட."

"வெறுங் கீரையோட உகாலி தின்ன ராஜாவா இப்படி நெஞ்சை நிமித்திட்டு நிக்கிறான்? ஒண்ணு கோழியைத் தின்னுட்டு வா, இல்ல கூனு."

சண்டைக்காரி வேஷம் போட்ட மினாயோவை மூன்று சனிக்கிழமை சந்தைக்கு அனுப்பி, மீன்காரி பக்கத்தில் உட்கார வைத்தார், திட்டக் கற்றுக்கொள்ள. பேசினால் அடுத்தவர் காதில் விழாத பெண் அது. நான்காம் வாரம் கணக்கு வாத்தியார் அவளிடம், "வீட்டுப்பாடம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இடுப்பில் கையை வைத்து அவள் சொன்ன பதிலில் வாத்தியார் இரண்டு நாள் அந்த வகுப்புப் பக்கம் போகவில்லை. டீச்சர் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்து அனுப்பிவிட்டு என் பட்டறைக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது லுகாலியா என்ற புது பிரின்சிபால் வந்தார். எப்போதும் கோட்டும் டையும். நாடகம் என்றால் பிள்ளைகள் பாடத்தைவிட்டு ஓட ஒரு சாக்கு என்பது அவர் கட்சி. இருந்தாலும் மேடையில் பெயர் வருவது அவருக்குப் பிடிக்கும். ஒரு நாள் டீச்சரையும் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார். தன் அறைக்குப் புது நாற்காலிக்கு அளவு கொடுத்துவிட்டு, மேஜை மேல் ஒரு கத்தைத் தாளை வைத்தார்.

"நானே ஒரு நாடகம் எழுதிருக்கேன். 'ஒழுக்கத்தின் கனி'. இந்த வருஷம் இதைப் போடுங்க."

டீச்சர் புரட்டிப் பார்த்தார். "கதாநாயகன் ஒரு பிரின்சிபாலா, சார்?"

"யதேச்சையா அமைஞ்சது."

"நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா நம்ம ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டு. எல்லா நாடகத்தையும் பட்டறையில வாசிச்சுப் பாத்துத்தான் எடுப்போம்."

"வாசிங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எதைப் போட்டாலும் சரி, இந்த வருஷம் ககமேகாவுல நடக்கிற மாகாணப் போட்டி வரைக்கும் போகலைன்னா நாடகக் குழு கலைஞ்சது. மண்டபத்தைக் கணக்கு ட்யூஷனுக்குக் குடுத்துடுவேன்."

டீச்சர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். குடையை உள்ளேயே மறந்துவிட்டு அவர் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். இருபத்து மூன்று வருடம் நடத்திய குழு.

பார்த்தேனே தவிர மனம் இளகவில்லை. இதுதான் சமயம் என்று தோன்றியது. பிரின்சிபால் நாடகத்துக்கு இழைப்புளியை வேண்டுமென்றே நிறுத்தப் போகிறேன். பிள்ளைகள் கொண்டுவருவதற்கு நிறுத்தவே மாட்டேன். நாலாங் கிளாஸா? பார்க்கலாம், யார் கைக்கு நடிக்கத் தெரியாது என்று.

வாசிக்கும் நாள் வந்தது. பிரின்சிபால் தானே எழுந்து, எல்லாப் பாத்திரத்தையும் தானே வாசித்தார். அவர் நாற்காலிக் கால் ஒன்றைப் பிடிசட்டத்தில் மாட்டி இழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் காட்சியில் கதாநாயகன் சோம்பேறி மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் இடம். நான் இழைப்புளியை வைத்தேன். பெருமூச்சுவிட்டேன். சட்டைக் கையால் கண்ணைக்கூடத் துடைத்தேன்.

பிரின்சிபால் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பாமரனையும் தொடுது!"

டீச்சர் என்னைப் பார்த்தார். கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, "அடுத்தது வாசிங்க" என்றார்.

பிள்ளைகள் நாடகத்தின் பெயர் 'வண்ணம் காயவில்லை'. அவர்களே எழுதியது. எங்கள் பக்கத்தில், ஊரில் சொந்த வீடு இல்லாத ஆணைப் புதைக்க முடியாது. வீடில்லாமல் செத்துப்போனால் உறவுக்காரர்கள் இரண்டு மூன்று நாளில் ஒரு வீட்டைக் கட்டி நிறுத்தி, அதன் வாசலில்தான் குழி வெட்டுவார்கள். எனக்கு வருகிற வேலையில் பாதி அதுதான். அவர்கள் நாடகத்தில், உயிரோடு இருந்தவரை ஒழுகும் குடிசையில் கிடந்தவனுக்கு அண்ணன் தம்பிகள் அவசரமாக வீடு கட்டுகிறார்கள். செத்தவன் முன்னால் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கமெண்ட் அடிக்கிறான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழைத்தேன். சிரிப்பு வந்தது, இழைத்தேன். கிடிகாதான் செத்தவன். தரையில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிச் சொன்னான்:

"டேய் தம்பி, உசுரோட இருந்தப்ப ஒரே ஒரு கதவு கேட்டேன். நாலு வருஷம் கேட்டேன். இப்ப ரெண்டு கதவு போடுறியே, நான் எதுல வெளிய போறது?"

என் அண்ணன் மூடோகோ நாலு வருடம் என்னிடம் கதவு கேட்டான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன். அவன் செத்த அன்று மதியத்துக்குள் இரண்டு கதவு செய்து மாட்டினேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. இந்த ஊரில் யார் வீட்டில் கேட்டாலும் இந்தக் கதைதான்.

நான் விடவில்லை. கை முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.

"டீச்சர்" என்றாள் மினாயோ. "ஃபுண்டி இழைக்கிறாரு. சத்தத்தைக் காணோம்."

குனிந்து பார்த்தேன். இழைப்புளி மரத்தைத் தொடவே இல்லை. ஒரு விரல் உயரத்தில் காற்றைச் சீவிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

டீச்சர் மெதுவாக எழுந்து வந்தார். கீழே குனிந்து பார்த்தார். "சீவல் எங்க, ஃபுண்டி?"

பிரின்சிபால் குறுக்கிட்டார். "இரு, இரு. என் நாடகத்துக்கும்தானே நிறுத்தினே?"

"ஆமா சார். உங்க நாடகத்துக்கு நிறுத்தினது நான். இதுக்கு நிறுத்தினது கை" என்றேன்.

பிரின்சிபால் தன் தாள்களை அடுக்கிக்கொண்டார். "ககமேகா. ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று டீச்சர் என்னிடம் சிரிக்கவில்லை. சாயங்காலம் தனியாக வந்து, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றும் கேட்கவில்லை. "மேடையில நிஜமா ஒரு வீடு எழும்பணும், ஃபுண்டி. நாடகம் முடியறதுக்குள்ள. முப்பது நிமிஷம். நேரம் தாண்டினா மார்க் போச்சு" என்றார்.

செய்தேன். நாலு சுவர்ச் சட்டங்கள், கூரைக்கு இரண்டு, கொக்கி மாட்டினால் நிற்கும்படி. கதவு இரண்டு. பிள்ளைகள் வசனம் பேசிக்கொண்டே மாட்ட வேண்டும். எந்த அண்ணன் எந்தச் சட்டத்தை ஏன் தூக்குகிறான் என்று டீச்சர் ஒவ்வொருவனையும் கேட்டார். பொறாமைக்காரன் கதவைத் தொடமாட்டான், கூரையைத்தான் பிடிப்பான், ஊர் பார்க்கட்டும் என்று. கடைசிக் காட்சியில் முன்சுவருக்கு நீல வண்ணம் அடிக்க வேண்டும். வெறும் தண்ணீரைத் தொட்டு அடித்தால் போதும் என்றேன்.

"பேரு என்ன? வண்ணம் காயவில்லை. காயாத வண்ணமே வேணும்."

மாவட்டப் போட்டியில் இருபத்தெட்டு நிமிடத்தில் வீடு நின்றது. கூட்டம் சிரித்தது, பிறகு கதவு வசனத்தில் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை கதவோ. கடைசி வசனம் முடியவும், பிரின்சிபால் பெருமை தாங்காமல் மேடையில் ஏறிவிட்டார். பிள்ளைகளுக்குக் கை கொடுத்தார். பிறகு போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி வீட்டுச் சுவரில் சாய்ந்தார்.

திரும்பியபோது சாம்பல் நிறக் கோட்டின் முதுகு முழுக்க நீலம்.

தரையில் கிடந்த செத்தவன் தலையைத் தூக்கினான். "சொன்னேனே, காயலைன்னு!" என்றான் கிடிகா. பிரதியில் இல்லாத வசனம்.

மண்டபம் இடிந்துவிடும்போல் சிரிப்பு. பிரின்சிபாலும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நடுவர் எழுந்து தீர்ப்புச் சொன்னபோது, "கடைசியில் கோட்டுப் போட்டு வந்த அந்தப் பேராசைக்கார மூத்த அண்ணன், நடிப்பு என்றே தெரியாத நடிப்பு" என்று தனியாகப் பாராட்டினார். இரண்டாம் இடம். இரண்டு குழுக்களுக்குத்தான் ககமேகா போக அனுமதி. இரண்டாவது நாங்கள்.

பேருந்தில் திரும்பும்போது பிரின்சிபால் முன் சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். நடுவரின் பாராட்டுத் தாளை மட்டும் கையைவிட்டு விடவில்லை. நாடகக் குழுவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசியதில்லை. அவருடைய நாற்காலிக்கு ஒரு கால் இன்றைக்கும் மெலிவுதான். கோபத்தில் இழைத்தது. அவர் சாய்ந்தால் கூடவே சாயும்.

டீச்சர் ஓய்வு பெறும்வரை குழு நடந்தது. இப்போதும் நடக்கிறது. வருடாவருடம் ஜனவரியில் பட்டறைக்கு வந்து வாசிக்கிறார்கள். நானும் இழைக்கிறேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். சர்க்கரை நோய். ஒரு கால் போய்விட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடலை தின்னக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"கேட்டே ஆகணும் டீச்சர்" என்றேன். "அன்னிக்குக் கொடிக்கு முன்னாடி, எழுநூறு பேரு நடுவுல, நாலாங் கிளாஸுன்னு சொன்னீங்களே. அது சரியா?"

"தப்புதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு வருடமாகக் காத்திருந்த சொல்.

"ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி பழைய பதிவேட்டை எடுத்துப் பாத்தேன். அஞ்சாங் கிளாஸும் ஆறு வாரம் போயிருக்கீங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

என்ன செய்வது இந்தப் பெண்ணை? நான் கடலையை வாங்கித் தின்றேன்.

பிறகு அவர் ஜன்னல் வழியே வாசலைக் காட்டினார்.

"எனக்கு வீடு கட்ட வேண்டாம், ஃபுண்டி. இந்த வீட்டுக்கு வண்ணம் காஞ்சு இருபது வருஷம் ஆச்சு. சவப்பெட்டியை வேற யாராவது செய்யட்டும். நீங்க செஞ்சா கோபத்துல ஒரு பக்கம் மெலிஞ்சிடும்."

"வேற என்னதான் செய்யணும்?"

"என்னைப் புதைக்கிற அன்னிக்கு லுகாலியா பேசுவாரு. எம்.பி. வருவாரு. சர்ச்சுக்காரங்க, பழைய மாணவர் சங்கம், எல்லாரும் மைக்கைப் புடிப்பாங்க. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் என்னை வெயில்ல வச்சுப் பேசுவாங்க. நீங்க பந்தலுக்குள்ள முன் வரிசைக்குப் பக்கத்துல உங்க பலகையைப் போடுங்க. நல்ல கட்டையா ஒண்ணு மாட்டுங்க. இழைச்சுக்கிட்டே இருங்க. எவன் பேச்சுக்கு இழைப்புளி தானா நிக்குதோ, அவன் பேசட்டும். மத்தவன் கையில இருந்து மைக்கை வாங்கிடுங்க."